ஒன்பது புள்ளி ஒன்று

2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, விம் என்னும் உரைதொகுப்பியின் 9.1ஆம் பதிப்பு வெளியாயிற்று. இந்தப் பக்கத்துக்கு வந்துபோகும் நண்பர்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு செய்தியே அல்ல என்பதை அறிவேன். ஒரு சிறுகதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு என்றாலாவது அட்டைப்படத்தைப் பற்றிப் பேசலாம். மென்பொருளின் எண் மாறியதில் பேச என்ன இருக்கிறது? எனக்கோ அந்த அறிவிப்பைப் படித்தபின் அன்று வேறு வேலை ஓடவில்லை.

புதிய பதிப்புக்கான அறிவிப்புகள் எப்போதும் ஒரே தொனியில் இருக்கும். முன்னைவிட வேகம், முன்னைவிட அழகு, இதுவரை இல்லாத பத்து வசதிகள் என்று சந்தைக்காரனின் குரலில் அவை பேசும். 9.1 அப்படிப் பேசவில்லை. பெரும்பாலும் வழுக்களைக் களைந்த பதிப்பு அது. சில புதிய வசதிகளும் உண்டு. நீண்ட வரிகள் திரையில் வழுக்கிச் செல்லும்படி உருட்டுவது, கோப்பில் இல்லாத குறிப்புகளை வரிகளினூடே காட்டுவது, இப்படி. ஆனால் அந்த அறிவிப்பில் முதன்மையாக இருந்தது ஒரு காணிக்கை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மென்பொருளை ஆக்கிக் காத்துவந்த பிராம் மோலெனாரின் நினைவுக்கு அந்தப் பதிப்பு படைக்கப்பட்டிருந்தது. அவர் 2023 ஆகஸ்ட் 3 அன்று, தம் 62ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்தபின் வெளிவந்த முதல் விம் பதிப்பு 9.1.

அவர் பெயரை ஆங்கில எழுத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது 'மூலனார்' என்றே படித்தேன். ஐயூர் மூலங்கிழார், ஆவூர் மூலங்கிழார் என்று புறநானூற்றுப் புலவர் பெயர்களில் பழகிய கண்ணுக்கு அதுதானே தோன்றும்? டச்சுக்காரர்கள் மோலெனார் என்பார்கள் என்று பின்னால் தெரிந்தது. மூலநிரலை ஊருக்கெல்லாம் திறந்து வைத்தவருக்கு மூலனார் என்ற பெயர் பொருத்தந்தான் என்பதால், மனத்துக்குள் இன்றும் அப்படியே அழைக்கிறேன்.

விம் என்பது என்ன என்று சொல்லாமல் மேலே போவது முறையாகாது. கறுப்புத் திரை, வெறும் எழுத்துகள், சுட்டெலிக்கு வேலையே இல்லை. இதைத்தான் முனையம் என்கிறோம். அந்த முனையத்துக்குள் இயங்கும் எழுதுகருவி விம். அதன் மூதாதை விஐ. 1976 வாக்கில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் எழுதியது. வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு அவர் தொடர்பு கொண்ட வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். ஒரு திரை முழுதும் நிறைய ஒரு நிமிடம் போல ஆகிவிடும். அந்த வறுமையில் பிறந்த கருவியாதலால் அதில் எல்லாமே சிக்கனம். ஒற்றை எழுத்துதான் கட்டளை. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்து விசைகளின் மேலேயே வரையப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்தும், அந்த இயந்திரத்தைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளைகள் இடப்பக்கம் போக எச், கீழே போக ஜே என்று விரல் பழகுகிறார்கள்.

இந்தக் கருவியில் எழுதுவது ஒரு நிலை, கட்டளையிடுவது இன்னொரு நிலை. கட்டளை நிலையில் எழுத்து விசைகள் எழுத்தாக விழா, வினையாக விழும். டி என்றால் அழி. டபிள்யூ என்றால் சொல். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'அழி, சொல்லை.' நடுவே 3 சேர்த்தால் மூன்று சொற்களை. சி என்றால் மாற்று. அதோடு ஐ, அடைப்புக்குறி என்று சேர்த்தால், அடைப்புக்குறிக்குள் இருப்பதை எல்லாம் நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வழிவிடும். வினைகள் சில, பெயர்கள் சில, எண்கள். இவற்றைச் சேர்த்துச் சேர்த்து எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம். இதைக் கட்டளைத் தொகுப்பு என்பதைவிட ஒரு சிறு மொழி என்பதே சரி. வினை முன்னால் வரும் மொழி. நமக்கோ வினை கடைசியில். விம்மில் 'காட்சி நிலை' என்று ஒன்றுண்டு. அதில் முதலில் பொருளைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, பிறகு அதை என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். அது அப்படியே தமிழ் வாக்கியம். என்னையறியாமல் நான் அந்த நிலையிலேயே அதிகம் புழங்குவதற்கு இதுதான் காரணமாக இருக்குமோ என்று சில சமயம் எண்ணியதுண்டு. மொழியியல் படித்தவர்கள் சிரிக்காமல் இருக்கக் கடவர்.

மோலெனார் 1988இல் அமிகா என்ற வீட்டுக் கணினி ஒன்றை வாங்கினார். அதில் விஐ இல்லை. அட்டாரி என்ற மற்றொரு கணினிக்காக டிம் தாம்சன் எழுதியிருந்த ஸ்டீவி என்னும் நகலை எடுத்துத் தமக்காகத் திருத்தத் தொடங்கினார். 1991இல், அமிகாக்காரர்களிடையே சுற்றிவந்த ஃப்ரெட் ஃபிஷ் வட்டுகளில் 591ஆம் வட்டில் அது வெளியானது. அப்போது விம் என்ற பெயருக்கு 'விஐயின் போலி' என்று பொருள். பிறகு அதையே 'மேம்பட்ட விஐ' என்று மாற்றிக்கொண்டார். போலி என்று தொடங்கி, மூலத்தையே பலர் மறந்துபோகும்படி வளர்ந்த கதை அது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் விஐ என்று தட்டினாலும் திறப்பது விம்தான்.

1994இல் அவர் உகாண்டாவின் தென்பகுதியில் உள்ள கிபாலே என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்த சிறுவர் மையத்தில் ஓராண்டு குடிநீர், சுகாதாரப் பணிகளைச் செய்தார். எய்ட்ஸ் நோய் பெற்றோரை வாரிக்கொண்டு போன ஊர்கள் அவை. திரும்பி வந்தபின், விம்மைப் பயன்படுத்துவோர் விருப்பப்பட்டால் அந்தக் குழந்தைகளுக்கு உதவலாம் என்று மென்பொருளிலேயே எழுதிவைத்தார். மென்பொருளுக்கு விலை இல்லை, உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் வெறுமனே திறந்தால் முதல் திரையில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற ஒரு வரி. உலகமெங்கும் எத்தனையோ வங்கிகளிலும் ஆய்வகங்களிலும் நள்ளிரவில் பழுதுபார்க்க உட்கார்ந்தவர்கள் கண்ணில் அந்த வரி பட்டிருக்கும். பாதிப்பேர் படிக்காமல் கடந்திருப்பார்கள். படித்தவர்கள் அனுப்பிய பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது.

இனி, ஒரு பதிப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்குப் பதிப்பு என்பது ஒரு நாள். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆற்றில் ஒரு படித்துறை. விம்மில் ஒவ்வொரு சிறு மாற்றமும் எண்ணிடப்பட்ட ஓர் ஒட்டு. ஒவ்வோர் ஒட்டின் தலையிலும் இரண்டு வரிகள்: சிக்கல் இன்னது, தீர்வு இன்னது. அவ்வளவுதான். 'சிக்கல்: கோப்பின் கடைசி வரியில் இப்படிச் செய்தால் நிரல் விழுந்துவிடுகிறது. தீர்வு: வரியின் எண்ணைச் சரிபார்க்கவும்' என்கிற பாணி. மோலெனார் இந்த இருவரிக் குறிப்புகளை ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார். 2022 ஜூன் 28 அன்று வந்த 9.0க்கும், ஒன்றரை ஆண்டு கழித்து வந்த 9.1க்கும் இடையில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஒட்டுகள். அவற்றை வரிசையாகப் படித்தால் ஒருவருடைய நாட்குறிப்பைப் படிப்பது போலிருக்கும். தற்பெருமை ஓரிடத்திலும் இல்லாத நாட்குறிப்பு.

குறையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஒருவர் கை வழியாகவே போயிற்று. யார் திருத்தம் அனுப்பினாலும் அவரே வாங்கிப் பார்த்து, தம் விருப்பப்படி செப்பனிட்டு, தம் பெயரிலேயே சேர்ப்பார். அனுப்பியவர் பெயர் குறிப்பில் ஓர் அடைப்புக்குறிக்குள் நிற்கும். வேண்டாமென்று ஒதுக்கியவையும் நிறைய. பின்னணியில் வேறு வேலைகளை ஓடவிடும் வசதி கேட்டுப் பலகாலம் பலர் தட்டிய கதவு திறக்கவில்லை. 2014இல் தியாகோ டி அருடா என்ற பிரேசில் நாட்டு நிரலாளர் மூலநிரலைப் பிரித்தெடுத்துக்கொண்டு நியோவிம் என்று தனிக்குடித்தனம் போனார். 2016 செப்டம்பரில் விம் 8 வந்தபோது அந்த வசதி அதில் இருந்தது. பிரிந்துபோனவர்கள் இல்லாவிட்டால் அது வந்திருக்குமா, அத்தனை சீக்கிரம் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்பதே என் எண்ணம். ஒற்றை மனிதரின் ரசனை ஒரு கருவிக்கு ஒருமையைத் தரும். கூடவே ஒரு பூட்டையும் மாட்டும். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பூட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நேரடியாகத் தெரியும். 2004இல் கோயம்புத்தூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த நிறுவனம், நூற்பாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. பஞ்சு இருப்பு, கோன் கணக்கு, வாரக்கூலி எல்லாம் அதில் அடக்கம். முழுக்க முழுக்க ஒரே மனிதர் எழுதியது. நாங்கள் அவரைச் 'சார்' என்போம். அவர் எல்லோரையும் 'தம்பி' என்பார். எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் காலத்திலிருந்தே விஐயில் வேலை செய்து பழகியவர். எனக்கும் அதைக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அம்புக்குறி விசைக்கு என் கை போகும்போதெல்லாம், "கை நகரக்கூடாதுங்க தம்பி, விரல்தான் நகரணும்" என்பார். மாற்றங்களை எல்லாம் தேதியிட்டு ஒரு நீலநிற அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். எந்த ஆலைக்காரர் என்ன கேட்டார், எந்த வரியில் என்ன மாற்றினார் என்று. அதுவும் சிக்கல், தீர்வு என்ற கணக்கில்தான்.

2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். மூலநிரல் அவருடைய கணினியில் மட்டுமே இருந்தது. ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் திறந்து பார்க்க முடியாத இயங்குநிரல்கள். அவர் எதையும் ஒளித்து வைத்தவரல்லர். கேட்பாரில்லை, அவ்வளவுதான். ஓர் ஆள் இருக்கும்போது இன்னோர் ஆள் எதற்கு என்பது நிர்வாகத்தின் கணக்கு. இரண்டு வாரம் யார் யாரோ வந்து அந்தக் கணினியோடு மல்லுக்கட்டினார்கள். பிறகு வேறொரு தயார்நிலை மென்பொருளை வாங்கி ஆலைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றே மாதத்தில், பதினான்கு ஆண்டுகள் ஒருவர் செய்த வேலை இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. அவருடைய மனைவி வந்து மேசையிலிருந்த பொருள்களை வாங்கிப் போனார். அந்த நீல நோட்டு அதில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இருந்திருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

ஆகவே 2023 ஆகஸ்டில், மோலெனாரின் குடும்பத்தார் விடுத்த இறப்பு அறிவிப்பைப் படித்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம், சாவிகள் யாரிடம் என்பதுதான். துக்கம் அதற்குப் பிறகே வந்தது. மூலநிரல் திறந்தது, யாரும் எடுக்கலாம், உண்மை. ஆனால் ஊர்ப்பொதுவான குளத்துக்கும் மதகைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். வந்து சேரும் திருத்தங்களில் எதை ஏற்பது, எதை மறுப்பது, எந்த நாளில் 'இது பதிப்பு' என்று கோடு கிழிப்பது? முப்பது ஆண்டுகள் ஒரு மனிதரின் மனசுக்குள் இருந்த அளவுகோல் அது.

நல்லூழாக, களஞ்சியத்தை நிர்வகிக்கும் உரிமை அவரைத் தவிர வேறொருவருக்கும் இருந்தது. கிறிஸ்டியன் பிராபாண்ட் என்ற ஜெர்மானியர். பல ஆண்டுகளாக விம்முக்குப் பங்களித்து வந்தவர். தம் பிழைப்புக்கான வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் இதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார். உடனிருந்தவர்கள் சிலர் தோள் கொடுத்தார்கள். ஒட்டுகள் நிற்கவில்லை. வேறு பாணிக்கும் மாறவில்லை. அதே சிக்கல், அதே தீர்வு, அதே எண்வரிசை. ஒன்று மட்டும் மாறிற்று. இப்போது ஒவ்வோர் ஒட்டும் அதை எழுதியவர் பெயரிலேயே சேர்கிறது. இருபது ஆண்டு அடைப்புக்குறிக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

மோலெனார் விட்டுப்போன பாதி வேலை ஒன்றும் இருந்தது. விம்மை அவரவர் விருப்பப்படி வளைத்துக்கொள்ள உதவும் அதன் உள்மொழியை அவர் புதிதாக அமைத்திருந்தார். 9.0இன் பெரும் சாதனை அதுவே. பழைய மொழியைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வேகம் கிடைக்கக்கூடும் என்று அதன் ஆவணம் சொல்கிறது. அந்த மொழியில் வகுப்புகள், பொருள்கள் என்னும் கட்டுமானத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த நடுவில்தான் அவர் மறைந்தார். மற்றவர்கள் அதை எடுத்து முடித்தார்கள். அவர்களுள் முக்கியமான ஒருவரின் பெயரைப் படித்தால் காரைக்குடிப் பக்கம் கேட்ட பெயர் போலிருக்கும். 9.1இல் அந்தப் பகுதி நிறைவு பெற்று வந்தது.

பதிப்பு என்ற நம் சொல்லை இப்போதெல்லாம் நிறைய யோசிக்கிறேன். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. அதோடு விட்டுவிடவில்லை, புதிய ஏடுகள் கிடைக்கக் கிடைக்க, பின்வந்த பதிப்புகளில் திருத்திக்கொண்டே போனார். 1942இல் அவர் மறைந்தபின் அவர் பெயரிலேயே நூல்நிலையம் எழுந்து, விட்ட இடத்திலிருந்து பதிப்பு வேலை தொடர்ந்தது. பாடபேதங்களை அடிக்குறிப்பில் ஒழுங்காகப் பதிந்து வைத்த ஒருவர் போனபின், அடுத்தவர் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. என்னுடைய சார் அவருக்கு எந்த விதத்திலும் குறைந்த ஒழுங்குடையவர் அல்லர். அவருடைய அடிக்குறிப்புகள் அச்சேறவில்லை என்பதுதான் வித்தியாசம்.

9.1 வந்த வாரமே மூலநிரலை இறக்கி என் கணினியில் தொகுத்துக்கொண்டேன். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத் தொகுக்க எட்டு நிமிடம் காத்திருந்ததற்கு, கூட வேலை பார்க்கும் இளைஞர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெறுமனே திறந்தபோது முதல் திரையில் பதிப்பு எண், அதன்கீழ் பிராம் மோலெனார் முதலானோர். அந்த வரி பல காலமாக அப்படித்தான் இருக்கிறது. 'முதலானோர்' என்ற சொல்லை இத்தனை ஆண்டுகளில் நான் படித்ததே இல்லை.

பிறகு வழக்கம்போல் தமிழில் சில வரிகள் எழுதிப் பார்த்தேன். கணினிக்குள் 'கொ' என்பது ககரமும் ஓர் ஒகரக் குறியுமாக இரண்டு துண்டு; கண்ணுக்கு அது ஒரே எழுத்து; முனையமோ ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். ஒற்றை விசையில் 'கொ' முழுதாக அழிந்துவிடுகிறது, அதுவரை மகிழ்ச்சி. ஆனால் என் முனையத்தில், நீண்ட தமிழ் வரியின் நடுவே போனால் சுட்டி நிற்குமிடம் ஒன்றும், எழுத்து விழுமிடம் வேறுமாக இருக்கிறது. பழைய பதிப்புகளிலும் இப்படித்தான். விம்முக்கும் முனையத்துக்கும் இடையே எழுத்தின் அகலத்தைப் பற்றி ஒரு பழைய மனத்தாங்கல் அது. யார் பக்கம் தவறு என்று பிரித்துச் சொல்ல, நான்கு வரி மாதிரிக் கோப்பு ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். சிக்கல் என்ற வரியை எழுதியாயிற்று. தீர்வு என்ற வரிதான் இன்னும் காலியாக இருக்கிறது.